உங்கள் வீட்டில் கைவினைஞருக்கு எத்தனை சதுர அடி?

*‘பாரம்பரிய லுக்’ கேட்டு வீடு கட்டும் குடும்பங்கள் பெருகிவிட்டன. அந்தப் பணம் ஆத்தங்குடிக்கும் பவானிக்கும் பத்தமடைக்கும் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும்?*

ஆத்தங்குடியில் ஓர் ஓட்டுக் கொட்டகை. சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவரின் முன்னால் சதுரமாக ஒரு கண்ணாடி. அதைத் துணியால் அழுத்தித் துடைத்து, மேலே இரும்புச் சட்டத்தைப் பொருத்துகிறார். சட்டத்துக்குள் தகட்டு அச்சு இறங்குகிறது. நடுவில் எட்டு இதழ்ப் பூ, மூலைக்கு ஒரு கொடி. பக்கத்துக் கிண்ணங்களில் சாயம் கலந்த சிமென்ட் குழம்பு. காவிச் சிவப்பு, மஞ்சள், கரும்பச்சை. சின்னக் கரண்டியில் மொண்டு, இதழுக்கு ஒரு நிறம், கொடிக்கு ஒரு நிறம், மிச்ச இடத்துக்கு ஒரு நிறம் என்று ஊற்றுகிறார். ஊற்றி முடித்து, இரண்டு விரலால் அச்சைப் பிடித்து நேர்செங்குத்தாகத் தூக்குகிறார். கை கொஞ்சம் சாய்ந்தால் சிவப்பு மஞ்சளில் ஏறிவிடும். ஏறவில்லை. அதன்மேல் ஈரத்தை உறிஞ்சுவதற்கு உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, பிறகு குழைத்த கலவையை நிரப்பி, கரணையால் வழித்துச் சமன் செய்து, அடுத்த கண்ணாடியை எடுக்கிறார்.

காய்ந்த தரைக்கல் பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடக்கும். வெளியே எடுத்து உலர்த்திக் கண்ணாடியைப் பிரித்தால், அதைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் பளபளவென்று வரும். சூளை கிடையாது, பாலிஷ் இயந்திரம் கிடையாது. அந்த வழவழப்பு முழுக்கக் கண்ணாடி கொடுத்தது.

அதே பூவும் அதே கொடியும் இன்று எந்தப் பெரிய டைல்ஸ் கடையிலும் கிடைக்கும். விற்பவர் ‘ஆத்தங்குடி டிசைன்’ என்றே எடுத்துக் காட்டுவார். டைல்ஸ் ஆலைகள் நிறைந்த குஜராத்தின் மோர்பி போன்ற ஊர்களில், பீங்கான் பலகைமேல் டிஜிட்டல் இயந்திரம் அச்சடித்து, சூளையில் சுட்டு அனுப்பிய சரக்கு அது. அந்த ஆலைத் தொழிலாளியும் உழைத்துத்தான் பிழைக்கிறார். அவர்மேல் நமக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால், ‘நம்ம ஊர்க் கைவேலையை ஆதரிக்கிறோம்’ என்ற நிறைவோடு அந்தப் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவரும் குடும்பத்தின் பணத்தில் ஒரு ரூபாய்கூட ஆத்தங்குடிக்குப் போகவில்லை.

வீட்டு அலங்காரம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இப்போது ‘நம்ம ஊர் ஸ்டைல்’தான். திண்ணை வைத்த வில்லா, முற்றம் வைத்த இரட்டை மாடி வீடு, ஊஞ்சல் தொங்கும் ஹால் என்று ரீல்ஸ்களில் வரிசையாக வருகின்றன. ஆசை நல்ல ஆசை. ஆனால் தோற்றத்தை மட்டும் வாங்கி, அதைச் செய்த கையை விட்டுவிட்டால், அந்தத் தோற்றமும் இன்னும் ஒரு தலைமுறைக்குமேல் புதிதாக எதையும் தராது. பழைய பூவையே அச்சடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கைவினைஞருக்கு நாம் இதுவரை ஷோகேஸில் ஓர் அடுக்கு ஒதுக்கி வந்திருக்கிறோம். அவருக்கு வேண்டியது தரை, சுவர், கூரை, கதவு.

கடைசி வாரத்தில் வரும் விருந்தாளி

ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டும் வரிசையைப் பாருங்கள். முதலில் பிளான். அடுத்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று இன்ஜினியரோடு ஒப்பந்தம். தரை டைல்ஸ், கதவு, ஜன்னல், பெயின்ட் எல்லாம் அந்த ரேட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்; எந்த கம்பெனி என்பதுவரை தாளில் எழுதியாகிவிடும். பிறகு மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட். அவை தொழிற்சாலையில் அறுத்து வரும் பலகைகள். பிறகு ஃபால்ஸ் சீலிங், விளக்குகள். கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான், “ஹால்ல ஏதாவது ட்ரெடிஷனலா வைக்கணுமே” என்ற பேச்சு எழும். உடனே ஒரு தஞ்சாவூர் ஓவியம், ஒரு தலையாட்டி பொம்மை, ஒரு பித்தளைக் குத்துவிளக்கு.

அதற்குள் பணமும் தீர்ந்திருக்கும், நாளும் தீர்ந்திருக்கும். லட்சக்கணக்கில் செலவாகும் இடங்களில் ஒன்றில்கூட கைவினைஞர் இல்லை. மிச்சம் மீதி செலவாகும் இடத்தில் மட்டும் அவர் வருகிறார். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பொம்மையை வாங்கினால் இருபது வருடம் வீட்டில் இருக்கும். அந்தக் குடும்பம் மறுபடி அவரிடம் போவதற்குக் காரணமே இல்லை. வீடுகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் ஒரு வீட்டுக்கு ஒரு பொம்மை என்ற அளவிலேயே அவர் தொழில் நிற்கும்.

தரை அப்படியில்லை. ஒரே ஒரு வீட்டின் தரை, ஒரு பட்டறைக்குத் தொடர்ந்து வேலை தரும்.

> பெட்டிச் செய்தி: ஒரு தரை, எத்தனை கல்?
>
> 1,000 சதுர அடித் தரைக்கு வேண்டிய கற்கள் (சேதாரம் சேர்க்காமல்):
>
> 12 அங்குலக் கல்: 1,000
> 10 அங்குலக் கல்: 1,440
> 8 அங்குலக் கல்: 2,250
>
> ஒவ்வொன்றும் தனித்தனியாக அச்சு வைத்து, நிறம் ஊற்றி, கையால் வழித்தது. 5-க்கு 6 அடி பூஜை அறை மட்டும் போதும் என்றாலும் 10 அங்குலக் கல் 44 வேண்டும்.

ஆத்தங்குடி: வெளிநாட்டுக் கல்லுக்கு உள்ளூர் பதில்

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடியை ஒட்டிய நகரத்தார் ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரை எழும்பிய வீடுகளுக்கு பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலில் வந்தன. பூப்போட்ட தரைக்கற்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவைதான். அதே அழகை உள்ளூர் மணலில், உள்ளூர்க் கையால் செய்ய முடியும் என்று காட்டிய ஊர் ஆத்தங்குடி. அந்தச் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின.

வரலாறு அவ்வளவு போதும். வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. இந்தக் கல்லில் ஒன்று போல இன்னொன்று இருக்காது. சிவப்பு சில கற்களில் ஒரு பொட்டு அடர்ந்திருக்கும், சிலவற்றில் மங்கியிருக்கும். போட்ட புதிதில் கடைக்கல் அளவுக்கு மின்னாது. உமியால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது வழக்கம். புழங்கப் புழங்கத்தான் மெருகு ஏறும். ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது. எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும். எப்போதும் ஈரம் நிற்கும் குளியலறைக்கும், வெயிலும் மழையும் நேராக அடிக்கும் மொட்டைமாடிக்கும் இது உகந்ததில்லை. பதிக்கவும் இந்தக் கல்லைத் தெரிந்த கொத்தனார் வேண்டும். மற்ற டைல்ஸ் போடுகிறவர் அதே பழக்கத்தில் போட்டால் மட்டம் பிசகும், கறை பிடிக்கும்.

இதையெல்லாம் சொல்லாமல் விற்கிறவர்களால் தொழிலுக்குக் கெடுதல் அதிகம். ‘ஆத்தங்குடி போட்டோம், ஒரு வருஷத்திலேயே போச்சு’ என்று ஒரு வீட்டில் எழும் பேச்சு பத்து வீட்டு ஆர்டரைக் கெடுக்கும். கல்லின் குணம் தெரிந்து, ஹாலுக்கும் பூஜை அறைக்கும் திண்ணைக்கும் என்று இடம் பார்த்துப் போட்டால், பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்தத் தரை இருக்கும். செட்டிநாட்டு வீடுகளே அதற்குச் சாட்சி.

இன்னொன்று, நாள். கடைக்குப் போய் அன்றைக்கே லாரியில் ஏற்றிவரும் சரக்கு இல்லை இது. ஊற்றவும், ஊறவும், உலரவும் அவகாசம் வேண்டும். மழைக்காலத்தில் உலர்வது தாமதமாகும். கூரை போடும்போதே தரைக்கல்லுக்குச் சொல்லிவிடுகிறவர்களுக்கு இது சிக்கலே இல்லை. பெயின்ட் அடித்து முடித்த பிறகு சொல்கிறவர்கள்தான் கடைசியில் பொறுமை இழந்து அச்சடித்த டைல்ஸுக்குப் போய்விடுகிறார்கள்.

பழைய தூண் வாங்குவது ஆதரவு ஆகுமா?

செட்டிநாடு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது காரைக்குடியின் பழம்பொருள் கடைகள். தேக்குத் தூண்கள், சிற்பம் செதுக்கிய நிலைகள், எனாமல் சட்டிகள், பெல்ஜியம் கண்ணாடிகள். ஒரு தூணை வாங்கிப் புது வீட்டு ஹாலில் நிறுத்தினால் கைவினையைக் காப்பாற்றியதாக எண்ணிக்கொள்கிறோம்.

நான் இதில் உடன்படவில்லை. அந்தத் தூணைச் செதுக்கிய ஆசாரி காலமாகி நூறு வருடம் ஆகியிருக்கும். நாம் கொடுக்கும் விலையில் இன்றைய ஆசாரிக்கு ஒரு நாள் கூலிகூட இல்லை. அதோடு முடியவில்லை. தூணுக்கும் நிலைக்கும் விலை ஏற ஏற, வாரிசுகள் சிதறி, பராமரிக்க ஆளில்லாமல் நிற்கும் வீட்டை இடித்துப் பிரித்து விற்பது லாபமாகிவிடுகிறது. இடிந்து போன வீட்டின் பொருள் வீணாகாமல் இன்னொரு வீட்டில் பயன்படுவது நல்லதுதான். ஆனால் அதைக் கைவினைஞருக்குச் செய்யும் ஆதரவு என்று கணக்கில் எழுதக் கூடாது.

அதே பணத்துக்குப் பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரிலோ கள்ளக்குறிச்சியிலோ மரச்சிற்பம் செய்கிறவர்களிடம் ஒரு வாசல்நிலைக்குச் சொல்லிப் பாருங்கள். இரண்டு ஊர்ச் சிற்பங்களுக்கும் புவிசார் குறியீடு உண்டு. கோயில் வாகனங்களும் தேர்ச்சிற்பங்களும் செய்யும் கைகள் அவை. நிலைக்கதவு முழுக்கச் செதுக்கக் கட்டுப்படியாகாது என்றால், நெற்றிப்பலகை ஒன்றை மட்டும் செதுக்கச் சொல்லி, மீதியை உள்ளூர் ஆசாரி சேர்க்கலாம். இரண்டு பேருக்கும் வேலை. உங்கள் வீட்டுக்கென்று செய்த ஒன்று உங்கள் வாசலில் நிற்கும்.

பவானி: பேர் ஒன்று, தறி வேறு

ஈரோடு மாவட்டத்தில், காவிரியும் பவானியும் கூடும் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து ஆலைத்துணி வந்து குவிந்தபோது, இங்கிருந்த ஜங்கமர் நெசவாளர்கள் தடித்த நூலில் வண்ணப் பட்டைகள் போட்ட விரிப்பை நெய்து தாக்குப்பிடித்தார்கள். அதுதான் பவானி ஜமக்காளம். கல்யாணப் பந்தி முதல் பொதுக்கூட்ட மேடை வரை தமிழ்நாடே அதில் உட்கார்ந்திருக்கிறது.

அகலமான ஜமக்காளத்தைக் குழித்தறியில் இரண்டு பேர் சேர்ந்து நெய்வார்கள். ஒருவர் இந்தக் கரையில், ஒருவர் அந்தக் கரையில். ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்புவார். இருவரின் கைவேகமும் காலின் மிதியும் ஒத்துப் போனால்தான் பட்டை நேராக வரும். ஒருவர் வராவிட்டால் தறி நிற்கும்.

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் விசைத்தறியில் நெய்த மலிவு விரிப்பு, பவானி ஜமக்காளம் என்ற பேரிலேயே சந்தைக்கு வருகிறது என்பது இந்த நெசவாளர்களின் நீண்ட நாள் புகார். சட்டம் இல்லாமல் இல்லை. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985-லேயே வந்தது; இப்போது அந்தப் பட்டியலில் உள்ள 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அந்தக் குறியீட்டைப் பதிவு செய்யும் அலுவலகமே சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. ஆனாலும் விரிப்பை வாங்குகிறவர் ‘இது எங்கே நெய்தது, எந்தத் தறியில் நெய்தது?’ என்று கேட்காதவரை இரண்டு பாதுகாப்பும் தாளில்தான் இருக்கும்.

போலி ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்பதற்கு ஓர் அரசுக் கணக்கு போதும். 2019–20-ல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நெசவிலும் அதைச் சார்ந்த வேலையிலும் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. விலையைக் குறைத்துப் போட்டி போட இவர்களிடம் இனி ஒன்றும் இல்லை.

வீட்டுக்குள் ஜமக்காளத்துக்கு எத்தனையோ இடம் உண்டு. கட்டில் அடியில் விரிப்பு, சோபா உறை, திண்ணை மெத்தையின் மேல்துணி, நீளமாக வெட்டிச் சாப்பாட்டு மேசை விரிப்பு. தடித்த பருத்தி என்பதால் வியர்வையை உறிஞ்சும், துவைக்கலாம், கிழிய வருடங்கள் ஆகும். நம் வெக்கைக்கு ரெக்சின் சோபாவைவிட எவ்வளவோ மேல்.

> பெட்டிச் செய்தி: கையா, இயந்திரமா?
>
> தரைக்கல்: ஓரத்தைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல்லில் நிற அடுக்கு தடிமனாக, சிமென்டோடு ஒன்றாகத் தெரியும். அச்சடித்த பீங்கானில் படம் மேற்பரப்பில் மட்டும் இருக்கும். பத்துக் கற்களை வரிசையாக வைத்தால் கைவேலையில் நிறம் லேசாக மாறும். அச்சடித்ததில் அப்படியே திரும்பத் திரும்ப வரும்.
>
> ஜமக்காளம், திரைச்சீலை: மத்திய அரசு 2006-ல் கொண்டுவந்த ‘கைத்தறி முத்திரை’ இருக்கிறதா என்று பாருங்கள். கோ-ஆப்டெக்ஸும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் நம்பி வாங்கும் இடங்கள்.
>
> சிற்பம், விளக்கு, பொம்மை: 1973-ல் தொடங்கிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் ‘பூம்புகார்’ நிலையங்கள் கைவினைஞர்களிடமிருந்து வாங்கி விற்கின்றன. ஊருக்கே போக முடிந்தால் இன்னும் நல்லது.

பத்தமடை: அலமாரிக் கதவாகும் பாய்

திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள் இஸ்லாமியக் குடும்பத்தினர். அதிலும் பெரும்பாலும் பெண்கள். ஆற்றங்கரைக் கோரையைப் பச்சையாக அறுத்து, உலர்த்தி, கீற்றாகக் கிழித்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போடுவார்கள். ஊறி உப்பிய கோரையை மறுபடி உலர்த்தி, இன்னும் மெல்லிய இழைகளாகக் கிழிப்பார்கள். சாதாரணப் பாய்க்குக் கோரை கொஞ்சம் தடித்திருக்கலாம். பட்டுப்பாய்க்கு இழை நூலளவு மெலிய வேண்டும். பருத்திப் பாவில் அந்த இழையை ஒவ்வொன்றாகக் கோத்து நெருக்கி நெய்ய வாரக்கணக்கில் ஆகும். முடிந்த பாயைக் கைக்குட்டை போல மடிக்கலாம். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரும் தேதியும் நெசவிலேயே வரும். எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று இழை எண்ணி நெய்கிறார்கள்.

ஆனால் கல்யாணம் தினம் நடப்பதில்லை. படுப்பதற்குப் பாய் வாங்கும் வீடுகளும் குறைந்துவிட்டன. மிச்சம் இருந்ததை பிளாஸ்டிக் பாய் பிடித்துக்கொண்டது. பாயைத் தரையிலிருந்து எழுப்பினால்தான் இனி வழி. வார்ட்ரோப் கதவின் நடுப்பலகைக்குப் பதில் மரச்சட்டத்தில் கோரைப்பாயை இழுத்துக் கட்டினால் காற்று உள்ளே போய்வரும்; மழைக்காலத்தில் துணியில் பூஞ்சை வாடை வராது. ஜன்னல் மறைப்பாக மாட்டலாம். கட்டில் தலைமாட்டில், தொங்கும் விளக்கின் கூண்டில், ஃபால்ஸ் சீலிங்கில் ஜிப்சம் பலகைக்குப் பதிலாக ஒரு பகுதியில் பயன்படுத்தலாம். இந்த வேலைகளுக்குப் பட்டுப்பாய் வேண்டியதில்லை. நடுத்தர ரகமே போதும். அதுதான் நெய்கிறவர்களுக்கும் நல்லது, அந்த ரகத்தில்தான் கைகள் அதிகம்.

இன்டீரியர் டிசைனர்களுக்கு ஒரு வார்த்தை. அலமாரிக் கதவின் அளவைச் சொல்லி, அதே அகலத்தில் நெய்து தரச் சொல்லுங்கள். கடையில் கிடைக்கும் பாயை வாங்கி வெட்டினால் ஓரம் பிரியும், மிச்சம் வீணாகும். அளவு சொல்லி நெய்தால் நெசவு விளிம்போடு வரும். நெசவாளருக்கும் ஆர்டர் கையில் இருக்கும் தைரியம் வரும்.

இதே வழியில் மீண்டு வந்த ஒரு முன்னுதாரணம் செட்டிநாட்டுக் கொட்டான். பனையோலையில் முடையும் இந்தக் கூடை சீர்வரிசையோடு ஏறக்குறைய மறைந்துகொண்டிருந்தது. விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று பரிசுப் பெட்டியாகவும் மேசைமேல் சாமான் வைக்கும் கூடையாகவும் அது வீடுகளுக்குள் புழங்குகிறது.

மண்: பொங்கலுக்கும் கார்த்திகைக்கும் நடுவில்

மானாமதுரை என்றால் கடம். இசை மேடையில் கேட்கும் நாதத்துக்காக உலகறிந்த ஊர். அதன் மண்பாண்டங்களுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் கடத்தால் மட்டும் ஓர் ஊர் பிழைக்க முடியாது. மண்பாண்டத் தொழிலாளியின் வருடத்தைப் பார்த்தால் பிரச்சினை விளங்கும். பொங்கலுக்குப் பானை, கோடைக்குத் தண்ணீர்ப் பானை, நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல். விற்பனை இந்த நாள்களில் குவியும். மற்ற மாதங்கள் வெறிச்சென்று போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சைப் பாண்டம் காயாது, சூளை எரியாது. தேவை அதிகம் இருக்கும் நேரத்தில் வேலை நடக்காது.

வீடு கட்டும் வேலை பண்டிகை பார்த்து நடப்பதில்லை. மண்ணை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அந்த வெற்று மாதங்கள் நிரம்பும். காற்றுக்கும் மறைவுக்கும் மண் ஜாலி, மாடித் தோட்டத்துக்குத் தொட்டி, வராந்தாவுக்குச் சுட்ட மண் தரைஓடு. இதில் மிகப் பெரிய அளவு கூரையில்தான் இருக்கிறது. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. இழுவிசையைத் தாங்குவது கம்பி. அந்த இடத்தில் ஓடோ மண்சட்டியோ வைத்துக் கான்கிரீட்டை மிச்சப்படுத்தும் ‘ஃபில்லர் ஸ்லாப்’ முறையைக் கேரளத்தில் லாரி பேக்கர் பரவலாக்கினார். சிமென்ட் குறையும், வெக்கை குறையும், அண்ணாந்து பார்த்தால் வரிசையாக மண்சட்டியின் வட்டங்கள் தெரியும். ஒரு தளத்துக்கே நூற்றுக்கணக்கில் சட்டி வேண்டும். கம்பி இடைவெளியை இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும். மேஸ்திரி யூகத்தில் செய்கிற காரியம் இல்லை.

மண்ணே கிடைக்காத கொடுமையும் இந்தத் தொழிலுக்கு உண்டு. கண்மாயில் களிமண் எடுக்க அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்த காலம் நீண்டது. 2024-ல் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி மண் எடுக்கலாம் என்று தமிழ்நாடு அரசு எளிதாக்கியது. நல்ல முடிவு. ஒவ்வொரு வட்டத்திலும் அது தாமதமில்லாமல் நடக்கிறதா என்று பார்ப்பது மாவட்ட நிர்வாகங்களின் பொறுப்பு.

பிள்ளைகள் ஏன் வர வேண்டும்?

இந்தப் பேச்சில் நழுவிச் செல்லக் கூடாத ஒரு கேள்வி இருக்கிறது. கைவினைகள் நம் ஊரில் சாதியோடு கட்டப்பட்டவை. பானை செய்கிறவர், தச்சு செய்கிறவர், நெய்கிறவர், வார்ப்பு வார்க்கிறவர் என்று பிறப்பால் பிரித்து வைத்த சமூகம் இது. அந்த வீட்டுப் பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போனால் ‘ஐயோ, கலை அழிகிறதே’ என்று வருந்துவதற்கு, அந்தத் தறியில் ஒரு நாளும் உட்காராத நமக்கு உரிமை இல்லை. அவர் போனது நியாயம்.

இந்த வாதம் அரசியலிலும் வெடித்தது. மத்திய அரசு 2023 செப்டம்பர் 17-ல் 18 தொழில்களுக்கான விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. அது குலத்தொழிலை ஊக்குவிக்கும் என்று சொல்லித் தமிழ்நாடு அரசு அதை ஏற்காமல், 2025-ல் ‘கலைஞர் கைவினைத் திட்ட’த்தைக் கொண்டுவந்தது. அதில் 25 தொழில்கள். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வயது 35-க்கு மேல். 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம்.

கடன் கிடைப்பது நல்லது. ஆனால் ஆர்டர் இல்லாத பட்டறைக்குக் கடன் பாரம்தான். ஆர்டர் வருடம் முழுக்க இருந்தால், எந்தச் சாதியில் பிறந்தவரும் இது சோறு போடும் என்று நம்பிக் கற்க வருவார். கொட்டான் முடையக் கற்ற கிராமத்துப் பெண்கள் அப்படி வந்தவர்கள்தான். தொழில் சாதியிலிருந்து விடுபடவும், பிழைக்கவும் இந்த ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது.

கூலி கொடுக்கும் முறையும் மாற வேண்டும். இன்டீரியர் கம்பெனிக்கு வேலை தொடங்கும் முன்பே பாதிப் பணத்தை அனுப்பிவிடுகிறோம். நெசவாளரிடமும் ஸ்தபதியிடமும் ‘முடிச்சுக் கொண்டு வாங்க, பார்த்துக் கொடுக்கறேன்’ என்கிறோம். நூலும் சாயமும் பித்தளையும் கடன் வாங்கிப் போட்டு, வட்டி கட்டி, பிறகு நம்மிடம் வந்து பேரத்தில் அவர் இறங்குகிறார். முன்பணம் கொடுப்பவருக்கு அவர் வட்டிக் கணக்கு இல்லாத விலை சொல்ல முடியும்.

> பெட்டிச் செய்தி: வாடகை வீட்டில் இருப்பவர்கள்…
>
> தரையையும் கூரையையும் மாற்ற முடியாதுதான். ஆனால் வீடு மாறும்போது கூடவே வருகிற பொருள்களில் இடம் கொடுக்கலாம். கைத்தறித் திரைச்சீலை, ஜமக்காள விரிப்பு, கோரை ஜன்னல் மறைப்பு, கொட்டான் கூடைகள், மண் தொட்டிகள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு காவிரிப் படுகை வண்டலில் அச்செடுத்து, பகுதி பகுதியாக வார்த்துத் திருகிப் பூட்டுவது. கழற்றி எடுத்துப் போகலாம். வருடம் ஒரு பொருள் என்று முடிவு செய்தால் கைக்கு அடக்கமாக இருக்கும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

வீடு கட்டப் போகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இன்ஜினியரிடம் சதுர அடி ரேட் பேசும் அன்றைக்கே, தரை அல்லது கதவு அல்லது கூரை, ஏதாவது ஒன்றை அந்த ரேட்டிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். ‘ஹால் தரைக்கல்லை வீட்டுக்காரரே வாங்கித் தருவார், பதிக்கும் கூலி தனி’ என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கணக்குப்படி அந்தத் தொகை உங்கள் கைக்குத் திரும்பும். பிறகு குடும்பத்தோடு அந்த ஊருக்கு ஒரு நாள் போய், பட்டறையைப் பார்த்து, நிறம் தேர்ந்து, முன்பணம் கொடுத்து வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. நூலகம், சமுதாயக்கூடம், விருந்தினர் மாளிகை, பேருந்து நிலையக் காத்திருப்பு அறை என்று ஆண்டுதோறும் எத்தனையோ கட்டடங்கள் எழுகின்றன. அவற்றின் தரைக்கும் விரிப்புக்கும் மறைப்புக்கும் அந்தந்த மாவட்டத்துக் கைவேலையில் ஒரு பங்கைக் கட்டாயமாக்கி, பொதுப்பணித்துறை விலைப்பட்டியலில் ஆத்தங்குடிக் கல்லுக்கும் கோரை மறைப்புக்கும் மண் ஜாலிக்கும் விலை நிர்ணயிக்க வேண்டும். தனி வீடுகளின் ஆர்டர் ஒரு பட்டறையைக் காப்பாற்றும். அரசு ஆர்டர் ஓர் ஊரைக் காப்பாற்றும். அடுத்த பட்ஜெட்டிலேயே இதைத் தொடங்கலாம்.